பழைய ஆம்ப்ளிஃபயர்களை மீட்டெடுத்துச் சோதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களை மீட்டெடுக்கலாம்?

இந்தப் பொழுதுபோக்கில் கைக்கு வருபவை பெரும்பாலும் 1950களின் வால்வு (வெற்றிடக் குழாய்) செட்டுகளும், 1960களின் பிற்பகுதி முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த டிரான்சிஸ்டர் செட்டுகளும்தான். பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம்சன் 1947இல் வெளியிட்ட வால்வு சர்க்யூட், குறைந்த டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எப்படியிருக்கும் என்று உலகுக்குக் காட்டியது. 1959இல் வந்த டைனகோ ஸ்டீரியோ 70, பக்கத்துக்கு (இடம், வலம் ஒவ்வொன்றுக்கும்) 35 வாட் தரும் வால்வு ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் கிட்டாகக் கொடுத்தது. 1967இல் குவாட் 303 டிரான்சிஸ்டருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. 1978இல் பயனியர் எஸ்எக்ஸ்-1980 பக்கத்துக்கு 270 வாட் என்ற எல்லைக்குப் போனது. அதே ஆண்டில் என்ஏடி 3020 வெறும் 20 வாட்டை வைத்துக்கொண்டு பெயர் எடுத்தது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றி அளக்கலாம், மாற்றலாம். ஐம்பது வருடம் கழித்தும் இவற்றைப் பிழைக்க வைக்க முடிவது இதனால்தான்.

முதல் செட்டாக எதை எடுக்கலாம்?

20 முதல் 40 வாட் வரையுள்ள ஸ்டீரியோ டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் போதும். ரேடியோ பகுதி இல்லாததாக இருந்தால் இன்னும் நல்லது. சர்வீஸ் மேனுவல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காத செட் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் செட்டாக வேண்டாம். வால்வு செட்டும் வேண்டாம், உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். ஸ்டீரியோ என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கெட்டிருந்தால் நல்ல பக்கத்தை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக பிளக்கில் போடலாமா?

கூடாது. அப்படிப் போடும் ஒரே நிமிடத்தில், பிழைத்திருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் போய்விடலாம்.

முதலில் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். ஃப்யூஸ் சரியான மதிப்பில் இருக்கிறதா, யாராவது கம்பி சுற்றி வைத்திருக்கிறார்களா, கருகிய ரெசிஸ்டர் உண்டா, உப்பிய கெபாசிட்டர் உண்டா, எலி நுழைந்த தடம் உண்டா? தூசியை மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை (மெயின்ஸ் பக்கத்துச் சுருளை) மல்டிமீட்டரில் ஓம் அளவில் பாருங்கள். மெயின்ஸின் லைவ், நியூட்ரல் கம்பிகளுக்கும் சேசிஸுக்கும் (உலோகச் சட்டத்துக்கும்) நடுவே தொடர்பு இருக்கவே கூடாது.

அடுத்தது சீரிஸ் லேம்ப். மெயின்ஸ் லைனில் ஒரு குண்டு பல்பை ஆம்ப்ளிஃபயருக்குத் தொடராக இணைக்க வேண்டும். எல்இடி பல்பு உதவாது. இழை சூடேறும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறுவதால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. 230 வோல்ட் லைனில் 60 வாட் பல்பு, உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் விடாது. சிறிய செட்டுக்கு 40 அல்லது 60 வாட், பெரியதற்கு 100 வாட் பல்பு.

ஸ்பீக்கரை இணைக்காமல் ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரியும், அது ஃபில்டர் கெபாசிட்டர்கள் (பவர் சப்ளையைச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர்கள்) சார்ஜ் ஆவது. பிறகு ஓரிரு நொடியில் அடங்கி, இழை மட்டும் சிவந்து தெரியும், அல்லது ஏறத்தாழ அணைந்துவிடும். இப்படி நடந்தால் பெரிய ஷார்ட் இல்லை. அடங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிடுங்கள். ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்), அவுட்புட் டிரான்சிஸ்டர், ஃபில்டர் கெபாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றில் ஒன்று ஷார்ட். அடங்கிய பல்பு சில நிமிடத்தில் மெதுவாக மறுபடி பிரகாசமாகத் தொடங்கினால், ஏதோ ஒன்று சூடேறி அதிகமாக இழுக்கிறது என்று பொருள். அது எளிதில் கண்ணில் படாத அடையாளம், அதனால் பல்பை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

வால்வு செட்டில் ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) எப்போதும் கரண்ட் இழுப்பதால் பல்பு ஓரளவு எரிந்தபடிதான் இருக்கும். அங்கே முதலில் வால்வுகளைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் சோதிப்பது வழக்கம்.

அணைத்த பிறகும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். பெரிய டிரான்சிஸ்டர் செட்டில் 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 70 வோல்ட்டில் நின்றால் அதில் ஏறத்தாழ 25 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். உலோகம் உருகித் தெறிக்கும், கெபாசிட்டரும் அடிபடும். 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நன்கு இன்சுலேஷன் செய்த கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கெபாசிட்டர் அதன் வழியாக ஒரு நிமிடத்துக்குள் காலியாகிவிடும். வால்வு செட்டுக்கு 22 கிலோஓம், 10 வாட் பொருந்தும். எதுவானாலும் மீட்டரை வைத்து, வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும், மீட்டரின் கறுப்பு முனையை முன்னதாகவே கிளிப் போட்டுவிடுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒரு நல்ல மல்டிமீட்டர், சூட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன், ஈயத்தை உறிஞ்சும் பம்பும் பின்னலும், சீரிஸ் லேம்ப். தொடக்கத்துக்கு இவ்வளவே. ஈஎஸ்ஆர் மீட்டர் (கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸை அளப்பது) அடுத்த இடத்தில் வரும். அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப், ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரான டம்மி லோடு இரண்டும் பிறகு. பழைய போர்டுகளுக்கு 63-37 ஈய-வெள்ளீயக் கலவையே ஏற்றது. அது 183 டிகிரியில் உருகிவிடுவதால், பழைய பழுப்புநிற போர்டுகளில் செம்புத் தடம் பெயராமல் வேலையை முடிக்கலாம்.

கெபாசிட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. என் பதில் உறுதியானது: அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். முதலில் செட்டை அது இருக்கும் நிலையிலேயே பாதுகாப்பாக ஓடவிட்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ள வோல்ட்டேஜ்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பாகங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டு, செட் பேசாவிட்டால், பழைய கோளாறா புதிதாக வைத்ததில் பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு போர்டு, அல்லது ஒரு பகுதி, மாற்றியதும் சோதனை, பிறகு அடுத்தது என்று போனால் பிழை எங்கே நுழைந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.

எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் முதுமையடைபவை என்பது உண்மை. உள்ளே இருக்கும் திரவம் வற்றும்போது கொள்ளளவு குறையும், ஈஎஸ்ஆர் ஏறும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே ஹீட் சிங்க் ஓரமாகவும், சூடாகும் ரெசிஸ்டருக்கு ஒட்டியும் இருப்பவற்றை முதலில் சந்தேகியுங்கள். பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்கள் பல சமயம் நல்ல நிலையில் இருக்கும். பவர் சப்ளை போர்டில் ஒளிந்திருக்கும் சிறியவைதான் முதலில் சாகும்.

இந்த விதிக்கு விலக்காக, அளக்காமலே மாற்ற வேண்டிய கெபாசிட்டர்கள் இரண்டு வகை உண்டு. ஒன்று, மெயின்ஸ் ஓரமாக இருக்கும் ஒளிபுகும் மஞ்சள்-பழுப்பு உறையுள்ள ரிஃபா வகைப் பேப்பர் கெபாசிட்டர். உறையில் மெல்லிய வெடிப்புகள் விழுந்து ஈரம் உள்ளே போயிருக்கும். ஒருநாள் அது நாற்றத்தோடு புகைந்து அடங்கும். அந்த இடத்தில் எக்ஸ்2 (மெயின்ஸுக்குக் குறுக்கே இணைக்கத் தகுந்தது) தரச்சான்று பெற்றதை மட்டுமே வையுங்கள். இரண்டாவது, வால்வு செட்டுகளில் உள்ள பழைய பேப்பர் கப்ளிங் கெபாசிட்டர்கள், அதாவது டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடுபவை. அவற்றைப் பற்றிக் கீழே வருகிறது.

பெரிய கெபாசிட்டரின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பது என்ன? கசிவா?

பெரும்பாலும் பசை. பாகம் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றியது. புதிதில் வெளிர் மஞ்சளாக இருந்தது சூட்டில் வெந்து காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும் இந்தப் பசை கெட்டதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகளையும் அரிக்கும். டையோடு ஒன்றின் கால் பச்சைப் பூத்துப்போயிருந்தால், அடியில் பசை இருக்கிறதா என்று பாருங்கள். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கத்தியாலோ பொறுமையாகச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுங்கள். காரணமே தெரியாமல் வந்து போகும் இரைச்சல்களில் பல இந்தப் பசையோடு ஒழிந்துவிடும்.

புதிய கெபாசிட்டரின் மதிப்பை எப்படித் தேர்வது?

கொள்ளளவு அதேதான், வோல்ட்டேஜ் அதே அல்லது சற்று மேல், 105 டிகிரி சூடு வரை தாங்கும் வகை. ஃபில்டரில் இருமடங்கு போட்டால் பாஸ் கூடும் என்று சொல்வார்கள். கூடுவது ஸ்விட்ச் போடும் கணத்தில் ரெக்டிஃபையருக்கும் ஸ்விட்சுக்கும் விழும் சுமைதான். பத்து இருபது சதவீதம் கூடினால் பாதகமில்லை. சிக்னல் வழியில் 1 மைக்ரோஃபாரட்டும் அதற்குக் கீழும் இருப்பவற்றுக்கு ஃபிலிம் வகை போடலாம், அது வற்றவே வற்றாது. பழையதைக் கழற்றும் முன் போர்டைப் படம் எடுத்துவிடுங்கள். போர்டில் அச்சிட்ட துருவக்குறியே தவறாக இருக்கும் செட்டுகளும் உண்டு.

வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. மாற்ற வேண்டுமா?

பத்தில் எட்டு முறை சுத்தம் செய்தாலே போதும். எண்ணெய்ப்பசை அளவாக உள்ள கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு துளி விட்டு, முழு வீச்சில் முப்பது நாற்பது முறை திருப்புங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது கார்பன் தடத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. செலக்டர் ஸ்விட்ச், டேப் மானிட்டர் பட்டன் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு வரும் செட்டில் பட்டன்களை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்த பிறகே மற்றதை யோசியுங்கள்.

இரைச்சலாக ஹம் வருகிறது. எங்கே தேடுவது?

வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். ஹம் கூடவே குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னாலிருந்து வருகிறது: இன்புட் கேபிள், ஃபோனோ (ரெக்கார்ட் பிளேயருக்கான) பகுதி, எர்த் லூப் (எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து உருவாகும் வளையம்). குறையாமல் அப்படியே நின்றால் பவர் சப்ளையையும் அவுட்புட் போர்டையும் பாருங்கள். சுரமும் ஒரு துப்பு. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் உள்ள இடத்தில் முழு அலை ரெக்டிஃபையரின் ஃபில்டர் தளர்ந்தால் வருவது 100 ஹெர்ட்ஸ். அது சற்று ரீங்காரமாகக் கேட்கும். 50 ஹெர்ட்ஸின் மெத்தென்ற முனகல் எர்த் லூப்பையோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தையோ காட்டுகிறது.

ஒரு பக்கம் பேசுகிறது, மறுபக்கம் ஊமை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கேபிள்களை இடம் வலம் மாற்றுங்கள். கோளாறு கேபிளோடு இடம் மாறினால் ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே இருக்கிறது. பிறகு ஸ்பீக்கர் கம்பிகளில் அதே சோதனை. இரண்டிலும் நகராமல் நின்றால் மூடியைத் திறக்கலாம்.

உள்ளே உங்களுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய உதவி நல்ல பக்கம்தான். இரு பக்கமும் ஒரே சர்க்யூட். நல்ல பக்கத்து டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றின் மூன்று கால்களிலும் (பேஸ், எமிட்டர், கலெக்டர்) உள்ள டிசி வோல்ட்டேஜை ஒரு தாளில் இடப்பத்தியில் எழுதுங்கள், கெட்ட பக்கத்தை வலப்பத்தியில். சிலிக்கான் டிரான்சிஸ்டர் வேலை செய்யும்போது பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஏறத்தாழ 0.6 வோல்ட் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் அது 0 என்றோ 2 என்றோ காட்டினால் அந்த டிரான்சிஸ்டரும் அதன் அக்கம்பக்கமுமே தேட வேண்டிய இடம். மேனுவலே இல்லாத செட்டையும் இப்படிப் பிடித்துவிடலாம். நடுவே கெபாசிட்டர் இல்லாமல் நேரடியாகக் கோத்த சர்க்யூட்டில் ஒரு பாகம் கெட்டால் வரிசையில் எல்லா வோல்ட்டேஜும் தடம் புரளும். ஆகவே அதிகம் விலகியதைத் தேடுவதைவிட, மற்றவற்றின் விலகலால் விளக்க முடியாத விதத்தில் விலகியதைத் தேடுங்கள்.

எல்லா வோல்ட்டேஜும் சரி, ஒலி மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கர் ரிலேயைப் பாருங்கள். அதன் தொடுமுனைகள் கறுத்திருக்கும். சத்தமாக வைத்தால் பேசும், மெதுவாக வைத்தால் மங்கும் என்ற குணம் இருந்தால் ஏறக்குறைய உறுதி. உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே அளவில் புதிய ரிலே போடுவதே நிலைக்கும்.

இன்னொன்று, சூடேறும் பாகங்களின் கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈயக்குமிழின் நடுவே, காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரியும். அது விரிசல். பெட்டியைத் தட்டினால் பேசுகிறது என்பார்களே, அது இதுதான். பழைய ஈயத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

பழைய டிரான்சிஸ்டர் இப்போது கிடைப்பதில்லையே?

கிடைக்காததைத் தேடி அலைய வேண்டாம், இணையானது இருக்கிறது. முதலில் வோல்ட்டேஜ், கரண்ட், வாட், வேகம் நான்கும் பொருந்த வேண்டும். அடுத்து கால் வரிசை. ஜப்பானிய சிறிய டிரான்சிஸ்டர்களில் பல எமிட்டர், கலெக்டர், பேஸ் என்ற வரிசை. அமெரிக்க வகைகளில் பல எமிட்டர், பேஸ், கலெக்டர். தரவுத்தாளைப் பார்க்காமல் வைத்தால் புகை வரும். ஹிட்டாச்சியின் 2எஸ்சி458 போன்றவை வயதானால் இரைச்சல் போடுவதற்குப் பெயர் பெற்றவை. கால்கள் கறுத்திருப்பதே அடையாளம்.

பவர் டிரான்சிஸ்டரில் போலிகள் மிக அதிகம். 2என்3055 என்று அச்சிட்டு, உள்ளே கடுகளவு சிலிக்கான் வைத்தவை திரிகின்றன. குறைந்த வேலையில் சரியாக நடந்து, சத்தம் ஏற்றியதும் சாகும். நேரடி விநியோகஸ்தரிடம் வாங்குவதே பாதுகாப்பு. மாட்டும்போது மைக்கா தகடும் தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போட்டு, கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் தொடர்பில்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

ஸ்பீக்கரை இணைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டிசி ஆஃப்செட், அதாவது சிக்னல் இல்லாதபோதும் ஸ்பீக்கர் முனையில் நிற்கும் டிசி வோல்ட்டேஜ். ஸ்பீக்கர் முனையில் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, இன்புட்டில் எதுவுமின்றி அளக்க வேண்டும். 20 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் மிக நன்று, 50 வரை ஏற்கலாம், 100ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடுங்கள். பல வோல்ட் வந்தால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் நிமிடத்தில் கருகும். குவாட் 303 போல அவுட்புட்டில் பெரிய கெபாசிட்டர் வைத்த செட்டுகளில் இந்த அளவு பொருந்தாது. அங்கே கெபாசிட்டருக்கு முன்னால் சப்ளையில் ஏறத்தாழப் பாதி வோல்ட்டேஜ் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து பயஸ் கரண்ட், அதாவது சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே அளப்பது. ரெசிஸ்டர் 0.22 ஓம், மீட்டர் 11 மில்லிவோல்ட் காட்டினால் கரண்ட் 50 மில்லிஆம்பியர். மேனுவல் சொல்லும் அளவையே வையுங்கள். சீரிஸ் லேம்ப்பைக் கழற்றி முழு வோல்ட்டேஜில், கால் மணி நேரம் சூடேறிய பிறகு வைக்க வேண்டும். நாற்பது வருடம் அசையாத ட்ரிம்மரை (பயஸைக் கூட்டிக் குறைக்கும் சிறு ரெசிஸ்டரை) திருப்பும்போது உள்முனை ஒரு கணம் தொடர்பு விட்டால், பல வடிவமைப்புகளில் பயஸ் உச்சத்துக்கு ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். அதனால் அதை முதலில் புதிதாக மாற்றிவிட்டு, குறைந்தபட்ச பயஸ் வரும் பக்கத்தில் வைத்துவிட்டே ஸ்விட்சைப் போடுங்கள்.

வால்வு செட்டில் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

கப்ளிங் கெபாசிட்டர். அதில் வெறும் 10 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே, அவுட்புட் வால்வின் கிரிட்டில் (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனையில்) உள்ள 220 கிலோஓம் ரெசிஸ்டரில் 2.2 வோல்ட் பாசிட்டிவாக நிற்கும். அவுட்புட் வால்வின் பயஸ் சரிந்து, தகடு சிவக்கத் தொடங்கும். ஈஎல்34 போன்ற அவுட்புட் வால்வு ஒன்று அப்படிச் சிவப்பதைக் கண்டால் உடனே அணையுங்கள், தாமதித்தால் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். வால்வுகளைப் புதிதாக வாங்குவதற்கு முன் இந்தக் கெபாசிட்டர்களை மாற்றிவிட வேண்டும். ஸ்பீக்கரோ டம்மி லோடோ இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் சிக்னல் கொடுக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் வோல்ட்டேஜ் அதன் இன்சுலேஷனை உடைத்துவிடும்.

எத்தனை வாட் தருகிறது என்று எப்படி அளப்பது?

ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 100 வாட் டம்மி லோடை ஹீட் சிங்கில் வைத்து இணையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, ஆஸிலோஸ்கோப்பில் அலையின் முகடு தட்டையாகத் தொடங்கும் வரை மெல்ல ஏற்றி, ஒரு துளி குறையுங்கள். அப்போதுள்ள ஆர்எம்எஸ் வோல்ட்டேஜின் இருமடியை 8ஆல் வகுத்தால் வாட். 20 வோல்ட் என்றால் 50 வாட். மலிவான மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும், ஆகவே ஸ்கோப்பையே நம்புங்கள். சில செட்டுகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் முனை எர்த் அல்ல. ஸ்கோப்பின் கிளிப்பை அங்கே மாட்டினால் அவுட்புட் ஷார்ட் ஆகும், முதலில் மேனுவலைப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1974இல் ஃபெடரல் டிரேடு கமிஷன் கொண்டுவந்த விதி, ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் ஊதிப்பெருக்கிய வாட் கணக்குகளுக்கு முடிவு கட்டியது. அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்று அது கேட்டது. கிளாஸ் பி அவுட்புட் (அலையின் இரு பாதிகளையும் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் கையாளும் வகை), உச்ச சக்தியில் 40 சதவீதம் அருகே ஓடும்போதுதான் மிக அதிகம் சூடாகும், ஆகவே அது கடுமையான சோதனை. பழைய செட்டை அவ்வளவு வாட்ட வேண்டியதில்லை. சில நிமிடங்கள் போதும், ஹீட் சிங்கில் கையை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

ஸ்கோப் இல்லை. கணினியை வைத்து அளக்க முடியுமா?

டிஸ்டார்ஷன் அளக்க கணினியே வசதி. நல்ல சவுண்ட் கார்டும் ஒரு இலவச ஸ்பெக்ட்ரம் அனலைசர் மென்பொருளும் போதும். ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டை இருபதில் ஒரு பங்காகக் குறைக்கும் ரெசிஸ்டர் டிவைடர் அவசியம், இல்லையேல் கார்டின் இன்புட் கெட்டுவிடும். முதலில் கார்டின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே மாட்டி, கார்டின் சொந்த டிஸ்டார்ஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் எர்த் லூப் தொல்லை வராது.

முழு சக்தியில் அளப்பதைவிட 1 வாட்டில், அதாவது 8 ஓமில் 2.83 வோல்ட்டில், அளப்பது அதிகம் பேசும். வீட்டில் பெரும்பாலும் கேட்பது அந்த அளவில்தான். அங்கே ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (கொடுத்த அலைவரிசையின் 3, 5, 7 மடங்குகளில் எழும் சிதைவுகள்) நீளமாக வரிசை கட்டி நின்றால் பயஸ் குறைவு. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வையுங்கள். உங்கள் உழைப்பு பலித்ததா என்பதை அது நேர்மையாகச் சொல்லும்.

முகப்பைச் சுத்தம் செய்வதில் கவனம் தேவையா?

நிறைய. பல ரிசீவர்களில் டயல் கண்ணாடியின் எழுத்துகள் உட்பக்கம் அச்சிட்டவை, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலே வழித்துக்கொண்டு வந்துவிடும். உட்பக்கத்துத் தூசியை உலர்ந்த பிரஷால் மட்டும் எடுங்கள். அலுமினிய முகப்பைக் குமிழ்கள் கழற்றிய பிறகு, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

110 வோல்ட் செட்டை 230 வோல்ட்டில் ஓட்டலாமா?

பின்பக்கம் வோல்ட்டேஜ் செலக்டர் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஃப்யூஸ் மதிப்பையும் சேர்த்து. இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப்ளிஃபயர் மெயின்ஸிலிருந்து இழுக்கும் உச்ச வாட்டைவிட ஒன்றரை மடங்காவது திறனுள்ளதாக.

மீட்டெடுத்த செட்டை எப்போது நம்பலாம்?

மூடியைப் போட்டு, நீங்கள் வருத்தப்படாத ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, ஒரு வாரம் தினமும் சில மணி நேரம் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஆஃப்செட்டையும் பயஸையும் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து எழுதுங்கள். எண்கள் நாளுக்கு நாள் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் இன்னும் ஏதோ ஒரு பாகம் சாகிறது, மறுபடி திறக்க வேண்டும். நின்றுவிட்டால் உங்கள் நல்ல ஸ்பீக்கரை இணைக்கலாம். மாற்றிய பாகங்களின் பட்டியல், தேதி, கடைசி அளவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறப்பவருக்கு அது வேண்டும்.